கோப்பு வந்த பின்னும் நீங்காத 404: ஸ்க்விட் ப்ராக்ஸி, ஒரு மதிப்புரை

ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டு கணினி ஆய்வகங்களுக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றும் ஸ்க்விட் ப்ராக்ஸியைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டிலும் சேர்த்து 62 கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உபுண்டு ஓடுகிறது. அவற்றிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையும், டெபியன் நிறுவப்பட்ட ஒரு பழைய சர்வரில் 3128ஆம் போர்ட்டில் காத்திருக்கும் ஸ்க்விட்டின் வழியாகத்தான் போகிறது. சென்ற பருவத்தில் இந்த ப்ராக்ஸி, எப்போதோ தீர்ந்துபோன பிழைகளை இன்னும் நீடிப்பதுபோலக் காட்டி எங்களைச் சில வாரங்கள் அலைக்கழித்தது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, அந்த அனுபவம் கையில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். ஸ்க்விட்டின் மீது எனக்கிருந்த மதிப்பு இதனால் குறையவில்லை, உண்மையில் கூடியிருக்கிறது. என்ன நடந்தது என்பதை அது முதல் நாளிலிருந்தே தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. அதைப் படிக்காமல் இருந்தவர்கள் நாங்கள்.

ஸ்க்விட்டைப் பற்றி அறியாதவர்களுக்கு அதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் அமெரிக்காவில் நடந்த ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் கேச் (ஒருமுறை பெற்றதை மீண்டும் தருவதற்காகச் சேமித்துவைக்கும் இடம்) நிரலிலிருந்து கிளைத்து, டுவேன் வெஸல்ஸ் முன்னின்று வளர்த்தெடுக்க, 1996இல் முதல் பதிப்பாக வெளிவந்த கட்டற்ற மென்பொருள் இது. இணையத் தொடர்பு மெதுவாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த நாட்களில், ஒருவர் கேட்ட பக்கத்தை அடுத்தவருக்காக எடுத்துவைப்பதே இதன் முதன்மையான வேலையாக இருந்தது. இன்று பெரும்பாலான தளங்கள், உள்ளடக்கத்தை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டதால் அந்த வேலை சுருங்கிவிட்டது. ஆனாலும் எங்களைப் போன்ற ஆய்வகங்களில் ஒரு பெரிய பயன் எஞ்சியிருக்கிறது. டெபியனும் உபுண்டுவும் தங்கள் மென்பொருள் பேக்கேஜ்களைச் சாதாரண எச்டிடிபி வழியாகவே வழங்க முடியும். பேக்கேஜ் நம்பத்தகுந்ததா என்பதை அவற்றை நிறுவும் கருவியான ஏபிடி, டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு தனியாகச் சரிபார்த்துக்கொள்கிறது. எனவே ஒரு கணினி இறக்கிய பேக்கேஜை ஸ்க்விட் வைத்திருந்து மற்ற 61 கணினிகளுக்கும் கொடுப்பதில் பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை.

சிக்கல் தொடங்கியதும் அங்கேதான். நெட்வொர்க் ஆய்வக வகுப்புக்காக ஒரு காலை, நெட்வொர்க்கில் செல்லும் தரவை ஆராய உதவும் வயர்ஷார்க்கை எல்லாக் கணினிகளிலும் நிறுவ வேண்டியிருந்தது. முதல் கணினியில் கட்டளையைக் கொடுத்தவுடன், கோப்பு கிடைக்கவில்லை என்று 404 பிழை வந்தது. பேக்கேஜ்களின் நகல் எங்கள் நிர்வாகத்தின் மற்றொரு வளாகத்தில் உள்ள மிரர் சர்வரில் இருப்பதால், அங்கே தொலைபேசியில் கேட்டேன். புதுப்பித்தல் நடந்துகொண்டிருப்பதாகவும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். சொன்னபடியே முடிந்தது. ப்ராக்ஸியைத் தொடாமல் போகும் என் அறைக் கணினியிலிருந்து அதே முகவரியைத் திறந்தபோது கோப்பு முழுமையாக இறங்கியது. ஆய்வகத்திலோ, ஒரு கணினி விடாமல் எல்லாவற்றிலும் 404 தொடர்ந்தது. மாணவர்கள் கட்டளையை மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைச் செய்தியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஓர் ஐபி முகவரியும் 3128 என்ற எண்ணும் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருந்தன. அந்த எண்ணை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். ஏபிடி தன் பதிலை மிரரிடமிருந்து பெறவில்லை, ப்ராக்ஸியிடமிருந்து பெறுகிறது என்பதை அது வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆய்வக உதவியாளர் என்னிடம் வந்து, "சார், ஸ்க்விட்டை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிடட்டுமா? போன மாதமும் அப்படித்தான் சரியானது" என்றார். சென்ற மாதமும் இது நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரீஸ்டார்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதன்முறையாகப் பொறுமையாக அக்சஸ் லாக் என்ற கோரிக்கைப் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஸ்க்விட்டின் அக்சஸ் லாக் பார்வைக்கு இனியது அன்று. ஒவ்வொரு வரியும் 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணிவரும் பத்து இலக்க எண்ணில் தொடங்குகிறது. அடுத்து, பதில் தர எத்தனை மில்லி விநாடி ஆனது, கேட்டவரின் முகவரி, முடிவுக் குறியீடு, பதிலின் அளவு, கேட்ட முகவரி, பதில் எங்கிருந்து பெறப்பட்டது என்ற விவரங்கள் வரிசையாக வருகின்றன. வயர்ஷார்க் கோப்பின் பெயரைத் தேடி எடுத்தபோது முதல் வரி காலை 9.40க்குப் பதிவாகியிருந்தது. அதில் டிசிபி மிஸ், 404 என்று இருந்தது. கடைசியில் மிரரின் முகவரி இருந்தது. அதாவது ஸ்க்விட் நேரே போய்க் கேட்டிருக்கிறது, மிரர் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இதில் தவறு ஏதும் இல்லை. இரண்டாவது வரியிலிருந்து குறியீடு மாறியது. டிசிபி நெகட்டிவ் ஹிட், 404 என்று நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எல்லாவற்றிலும் பதிலுக்கு எடுத்த நேரம் சுழியம் அல்லது ஒரு மில்லி விநாடி. பதில் பெற்ற இடம் என்ற கட்டத்தில் எந்த முகவரியும் இல்லை. 9.40க்குக் கிடைத்த ஒரே ஒரு "இல்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு, மிரரை மறுபடி கேட்காமலேயே ஸ்க்விட் எல்லோருக்கும் அதையே கொடுத்திருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, 10.01க்கு இணைய முகவரிகளுக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையால் ப்ராக்ஸியின் வழியாக அந்த முகவரியின் தலைப்புகளை, அதாவது பதிலுக்கு முன்னால் வரும் விவர வரிகளை, மட்டும் கேட்டுப் பார்த்தேன். எக்ஸ்-கேச் என்ற தலைப்பில் ஹிட் என்றும், ஏஜ் என்ற தலைப்பில் 1260 என்றும் வந்தது. 1260 விநாடி என்பது சரியாக 21 நிமிடம், 10.01இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 9.40. இவ்வளவு துல்லியமாகத் தன் பதிலின் வயதைச் சொல்லும் ஒரு மென்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் பொத்தானைத் தேடுவது முறையில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. புதிய பதிப்புகளில் எக்ஸ்-கேச் தலைப்பின் இடத்தை கேச்-ஸ்டேட்டஸ் என்ற தலைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9211 என்ற தர ஆவணம் அதை எல்லா கேச்களுக்கும் பொதுவாக வரையறுத்திருப்பதால், வேறு ப்ராக்ஸிகளிலும் இதே முறையில் தேடலாம்.

காரணம், ஸ்க்விட்டின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒற்றை வரியாக இருந்தது. நெகட்டிவ் டிடிஎல் என்ற அமைப்புக்கு ஒரு மணி நேரம் என்று மதிப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு கோரிக்கை தோல்வியடைந்து, அந்தத் தோல்வி எவ்வளவு நேரம் செல்லும் என்று மூல சர்வர் எதுவும் சொல்லாதபோது, ஸ்க்விட் தானாக அதை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வரி அது. ஸ்க்விட்டின் பழைய 2ஆம் வரிசைப் பதிப்புகளில் இதற்கு இயல்பான மதிப்பு 5 நிமிடம். 3.1ஆம் பதிப்பிலிருந்து அது சுழியமாக்கப்பட்டது. அதாவது, மூல சர்வரே காலம் குறித்துக் கொடுத்தாலொழிய எந்தப் பிழையும் சேமிக்கப்படாது. இந்த அமைப்பை மாற்றுவது எச்டிடிபி விதிகளை மீறுவதாகும் என்றும், அதனால் வரும் சிக்கல்களுக்கு மாற்றியவரே பொறுப்பாக நேரலாம் என்றும் அதன் விளக்கக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எங்கள் கான்ஃபிக் கோப்போ பழைய பதிப்பின் காலத்தில் எழுதப்பட்டு, சர்வர் மாறும்போதெல்லாம் அப்படியே நகலெடுக்கப்பட்டு வந்தது. வரியின் அமைப்பில் பிழை ஏதும் இல்லாததால் புதிய ஸ்க்விட்டும் அதை ஏற்றுக்கொண்டு, சொன்னபடி நடந்தது.

அந்த வரியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் காரணமில்லாமல் எழுதியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. குறுகிய இணைப்பை நூறு பேர் பகிர்ந்துகொண்ட காலத்தில், இல்லாத ஒரு படத்தையோ செத்துப்போன ஒரு முகவரியையோ எல்லா உலாவிகளும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தோல்வியை ஒரு மணி நேரம் பிடித்துவைப்பது உண்மையிலேயே இணைப்பை மிச்சப்படுத்தியிருக்கும். அவர் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதிவைத்திருந்தால், இணைப்பு அகலமான அன்றே யாராவது அதை நீக்கியிருப்பார்கள். இப்போது எங்கள் கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே தேதியும் காரணமும் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஸ்க்விட் அந்த 404ஐ ஏன் வைத்திருந்தது என்பது புரிந்துவிட்டது. மிரர் ஏன் 404 கொடுத்தது என்பதையும் பார்க்காமல் விட்டிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். ஒரு பேக்கேஜ் மிரரில் இரண்டு முக்கியமான கோப்புறைகள் உண்டு. எந்தெந்தப் பேக்கேஜ்கள் இருக்கின்றன என்ற பட்டியல்கள் டிஸ்ட்ஸ் என்ற கோப்புறையிலும், பேக்கேஜ்கள் பூல் என்ற கோப்புறையிலும் இருக்கும். அந்த வளாகத்தில் ஓடிய ஸ்கிரிப்ட், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ஒரே ஒரு முறை அழைத்து எல்லாவற்றையும் நகலெடுத்தது. ஆர்சிங்க் ஆங்கில அகர வரிசைப்படி நடப்பதால் டிஸ்ட்ஸ் முதலிலும் பூல் பின்னாலும் வந்து சேர்ந்தன. இடைப்பட்ட சில நிமிடங்களுக்குப் பட்டியலில் புதிய வயர்ஷார்க் இருந்தது, கோப்பு இல்லை. பட்டியலை நம்பிப் போன முதல் கணினிக்கு 404 கிடைத்தது. டெபியன் தன் மிரர்களுக்கு இரண்டு கட்டமாக நகலெடுக்கச் சொல்வது இதற்காகத்தான்: முதலில் பேக்கேஜ்கள், அவை முழுவதும் வந்து சேர்ந்த பிறகே பட்டியல்கள். அந்த வளாகத்தாரிடம் விளக்கியபோது உடனே ஏற்றுக்கொண்டு ஸ்கிரிப்டை மாற்றினார்கள்.

ரீஸ்டார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சிக்கலைத் தீர்த்தது உண்மையே. பிழைகளின் நினைவு நிரலோடு சேர்ந்து அழிந்துவிடுவதால் அடுத்த கோரிக்கை நேரே மிரருக்குப் போய்விடும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துக்கொள்வதற்காக ஸ்க்விட் நிற்கும்போது இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் புதிதாக வருபவர்களுக்குக் கதவு திறக்காது. ஒரு கோப்புக்காக 62 கணினிகளையும் துண்டிப்பதைவிடப் பெரிய தீமை, காரணம் கண்ணில் படாமலே போய்விடுவது. குறிப்பிட்ட ஒரு முகவரியை மட்டும் கேச்சிலிருந்து நீக்க பர்ஜ் என்ற கோரிக்கை வகையை ஸ்க்விட் புரிந்துகொள்கிறது. அதை முதலில் கான்ஃபிக் கோப்பில் அனுமதிக்க வேண்டும். ப்ராக்ஸி ஓடும் சர்வரிலிருந்து மட்டும் அனுமதிப்பது நல்லது. அன்று அதைத்தான் செய்தேன். நெகட்டிவ் டிடிஎல் வரியை நீக்கி, கோப்பைச் சரிபார்க்கும் பார்ஸ் கட்டளையை ஓட்டி, பிறகு ஸ்க்விட்டை நிறுத்தாமலே அமைப்புகளை மீண்டும் படிக்கச் செய்யும் ரீகான்ஃபிகர் கொடுத்தேன். வயர்ஷார்க் முகவரிக்கு ஒரு பர்ஜ் அனுப்பியவுடன் அடுத்த கணினியில் கோப்பு இறங்கத் தொடங்கியது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். நிறுவியவுடன் இருக்கும் ஸ்க்விட், பேக்கேஜ்களைச் சேமிக்கும் வேலைக்கு அநேகமாகப் பயன்படாது. வட்டில் சேமிக்கும் அமைப்பு தொடக்கத்தில் இயங்காது, நினைவகத்தில் 256 எம்பி மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். சேமிக்கப்படும் பொருளின் உச்ச அளவு 4 எம்பியாக இருக்கும்; நினைவகத்தில் வைக்கப்படுவதற்கோ 512 கேபிதான் வரம்பு. பெரிய பேக்கேஜ்கள் அனைத்தும் இந்த வரம்புகளைத் தாண்டியவை. இவற்றை உயர்த்தாமல், ஸ்க்விட் போட்டும் வேகம் வரவில்லையே என்று வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கங்களோடு வரும் கான்ஃபிக் கோப்பு பல ஆயிரம் வரிகள் கொண்டது. எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்று அது புதியவருக்குச் சொல்வதில்லை; தேவையானதைத் தேடிப் போகிறவருக்கோ அதைவிடத் தெளிவான கையேடு வேறில்லை.

எச்டிடிபிஎஸ் தளங்களில் பழைய பிழைப் பக்கம் வந்தால் ஸ்க்விட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே ஸ்க்விட் ஒரு சுரங்கப் பாதையைத் திறந்துவிடுவதோடு சரி; உள்ளே போவதை அது பார்ப்பதும் இல்லை, சேமிப்பதும் இல்லை. லாக்கில் டிசிபி டனல் என்று இருந்தால், பிழைப் பக்கம் மூலத் தளத்திலிருந்தோ அதன் முன்னால் நின்று அதன் நகல்களை வழங்கும் சிடிஎன்னிலிருந்தோ உலாவியின் சொந்தக் கேச்சிலிருந்தோ வந்திருக்கிறது. சுரங்கம் திறக்கவே முடியாமல் போனால் ஸ்க்விட் ஒரு பிழைப் பக்கத்தை அனுப்புகிறது. ஆனால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பாதுகாப்புக் கருதி அதைக் காட்டாமல் தங்கள் சொந்தப் பக்கத்தையே காட்டுகின்றன. எனவே திரையில் இருக்கும் பக்கத்தை எழுதியது யார் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டால் பாதித் தேடல் மிச்சமாகும்.

வேறு மென்பொருளுக்கு மாறலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். பேக்கேஜ்களை மட்டும் சேமிக்க வேண்டும் என்றால் ஏபிடி-கேச்சர்-என்ஜி எளிது. அரை மணி நேரத்தில் அமைத்துவிடலாம். சொந்த இணையதளத்தின் முன்னால் நிறுத்துவதற்கு என்ஜின்எக்ஸும் வார்னிஷும் பொருத்தமானவை. ஆனால் என்ஜின்எக்ஸிலும் பிழைகளைப் பிடித்துவைக்கும் இதே விபத்து நேரலாம். அதன் கேச் கால அமைப்பில் நேரத்தை மட்டும் எழுதினால் வெற்றியையும் திசைமாற்றத்தையும் குறிக்கும் 200, 301, 302 ஆகிய பதில்களையே சேமிக்கும்; எனி என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் 404ஐயும் சர்வர் பிழையான 500ஐயும் சேர்த்தே சேமிக்கும். மாணவர்களின் பலவகைக் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தி, பதிவுசெய்து, சேமிக்கவும் வேண்டிய எங்களுக்கு ஸ்க்விட்டே போதும் என்று எழுதிக்கொடுத்தேன்.

ஒரு குறையைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது என்னை நெடுநேரம் தவறான வழியில் தேட வைத்தது. நெகட்டிவ் டிடிஎல் வரி நீங்கிய அடுத்த வாரம், துறைப் பேராசிரியர் ஒருவர் ஆய்வகத்திலிருந்து அழைத்தார். "தம்பி, ப்ராக்ஸி இன்னும் பழைய பக்கத்தைத்தான் காட்டுகிறது. மணி பத்தேகால் ஆகிறது, இந்தப் பக்கம் விடியற்காலை நாலே முக்காலுக்கு உருவானது என்று அதிலேயே போட்டிருக்கிறதே" என்றார். போய்ப் பார்த்தேன். துறையின் புதிய சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்க்விட்டே எழுதிய பக்கம் அது. அடியில் 04:45 ஜிஎம்டி என்று இருந்தது. அதோடு இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 10.15. பக்கம் அந்த நிமிடத்தில்தான் உருவாகியிருக்கிறது. பழையதாகத் தெரிந்தது நேர வித்தியாசம் மட்டுமே. இதை உணர்வதற்குள், இல்லாத ஒரு கேச் பிழையை லாக்கில் ஒரு மணி நேரம் தேடிவிட்டேன். உண்மையான காரணம், அந்தச் சர்வரின் பெயர், பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் ஓர் எழுத்துப் பிழையோடு பதிவாகியிருந்தது. டிஎன்எஸ் தோல்விகளுக்கு ஸ்க்விட்டில் தனியாக ஒரு கால வரம்பு உண்டு, இயல்பாக அது ஒரு நிமிடம்தான். பெயரைத் திருத்திய சற்று நேரத்தில் பக்கம் திறந்தது.

இந்தியாவில் ஸ்க்விட்டை நிறுவும் எவரும் பிழைப் பக்கத்தின் இந்த ஜிஎம்டி நேரத்தை முதல் நாளிலேயே மாற்றிவிடலாம். பிழைப் பக்கங்களின் வார்ப்புருக்களில் விழுக்காட்டுக் குறியும் பெரிய எழுத்து டியும் சேர்ந்து வரும் இடத்தில் ஜிஎம்டி நேரமும், சிறிய எழுத்து டி வரும் இடத்தில் உள்ளூர் நேரமும் அச்சாகின்றன. வார்ப்புருக்கள் இருக்கும் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து, எரர் டைரக்டரி என்ற அமைப்பை அந்த இடத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரிய டியைச் சிறிய டியாக மாற்றினேன். இவ்வாறு செய்தால் உலாவியின் மொழிக்கேற்பப் பிழைப் பக்கம் மாறும் வசதி போய்விடும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கூடவே, ப்ராக்ஸி அறையின் தொலைபேசி நீட்டிப்பு எண்ணையும், இந்தப் பக்கத்தை எழுதியது கல்லூரியின் ப்ராக்ஸி என்ற ஒரு வரியையும் தமிழில் சேர்த்தேன். இரண்டு வாரம் கழித்து அதே பேராசிரியர் அழைத்தபோது, பக்கத்தின் அடியில் இருந்த நேரத்தையும் தாம் திறக்க முயன்ற முகவரியையும் அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். இந்த முறை தவறு முகவரியைத் தட்டச்சு செய்ததில் இருந்தது; தொலைபேசியை வைப்பதற்கு முன்பே பக்கம் திறந்துவிட்டது.